நேரில் வந்து சொல்லாத விருந்து

றோஸ்மலரின் மகளுக்கு ஞானஸ்நானம் என்று நாற்பது வீடுகளுக்குக் கடிதம் போனது. நாற்பதும் தபாலில் போயின. கோளாறு அங்கேதான் தொடங்கியது. ஆனால் அது கோளாறுதான் என்று அவளுக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது.

அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பதினொரு வருடம் காத்திருந்து, மடுமாதாவுக்கு நேர்ந்து, கடைசியில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வாடகை வீட்டில் இருக்கும்போது பிறந்த பிள்ளை ஜசிந்தா. அப்போது நாலு கிழமைக் குழந்தை. பகலில் தூங்கும், ஊர் தூங்கும்போது அழும். கணவன் பீற்றருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரட்டை ஷிப்ட். யார் வீடு வீடாகப் போவது? ‘லண்டனிலை ஆர் இப்ப போய்ச் சொல்லுகினம்?’ என்றான் பீற்றர். அவளும் தலையாட்டினாள்.

பீற்றருக்கு முத்து முத்தான கையெழுத்து. ஒரு தாளில் அழகாக எழுதி, நூலகத்துக்குப் போய் நாற்பது போட்டோகொப்பி எடுத்துவந்தான். ஞானஸ்நானம் ஒக்டோபர் 25, ஞாயிறு மாலை, பின்னர் கோவில் மண்டபத்தில் விருந்து. அதற்குக் கீழே, ‘ஞானத்தாய்: திருமதி பியற்றிஸ் மரியநாயகம், மனோர் பார்க்.’ அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தானாம், அடியில் இன்னொரு வரியையும் சேர்த்துவிட்டான். ‘தங்கள் வருகையை 10ஆம் திகதிக்கு முன் டெலிபோனில் அறியத்தரவும்.’

நம்மவர்களிடம் ‘வருவீங்களோ, வரமாட்டீங்களோ, முதல் சொல்லுங்கோ’ என்று கேட்டு விருந்து வைத்தவன் உண்டா? சவிரிமுத்து வீட்டில் அந்த வரியை உரக்க வாசித்துவிட்டு, ‘என்ன, ஆஸ்பத்திரி அப்பொயின்மென்ற்றோ?’ என்று கேட்டதாகப் பின்னால்தான் தெரியவந்தது.

பத்தாம் திகதிக்கு முன் மூன்றே மூன்று அழைப்புகள் வந்தன. முதலாவது அதே சவிரிமுத்து அண்ணை. “தங்கச்சி, அண்டைக்கு நாங்கள் வீடொண்டு பாக்கப் போறம். ஏஜென்ற் அண்டைக்குத்தான் திறப்புத் தாறானாம்.” இரண்டாவது, கடை வைத்திருக்கும் அல்போன்ஸ். “ஞாயிறுதான் பிள்ளை எனக்கு யாவாரம். கடையைப் பூட்டிப்போட்டு வர ஏலாது.” மூன்றாவது, புதிதாகக் கலியாணம் செய்த தேவசகாயம். “மனிசி வந்திறங்கி ரெண்டு கிழமைதானே, தனிய விட்டிட்டு வர ஏலுமே?” அவளையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல றோஸ்மலர் வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

மற்ற வீடுகளிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. அதுகூடப் பரவாயில்லை. பியற்றிஸ் அக்காவிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. அதுதான் றோஸ்மலரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பியற்றிஸ் அவளுக்கு உறவில்லை. எண்பத்து நாலில் றோஸ்மலரும் பீற்றரும் ஒரு சூட்கேசோடு வந்திறங்கியபோது, யாரோ சொன்னார்கள் என்று தன் முன்னறையைக் கொடுத்து ஏழு மாதம் வைத்திருந்தவர். ஐம்பத்தாறு வயது விதவை. மகன் கனடாவில். பள்ளிக்கூடக் குசினியில் வேலை. வாய் கொஞ்சம் காரம், கை அதைவிட இனிப்பு. பிள்ளை பிறந்த அன்றிலிருந்து ஒரு மாதம், பிள்ளைப்பேற்றுக்கான சரக்குக்கறியைக் காய்ச்சி, போத்தலில் ஊற்றி, துவாயால் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவர். கடிதம் போன நாளிலிருந்து அந்தப் பக்கமே காணோம். டெலிபோன் எடுத்தால், “ஓம். சுகம். வேலையிருக்கு,” என்று மூன்று சொல்லில் முடிந்தது.

“வர மனமில்லையெண்டால் விடு. வெஸ்ட் ஈலிங் செல்வமலரைக் கேப்பம்,” என்றான் பீற்றர். செல்வமலர் அவனுடைய சித்தப்பா மகள். “சுவாமியாருக்கு இருபதாந் திகதிக்குள்ள பேர் குடுக்கவேணும்.”

பிள்ளைக்கு வேறொருத்தி ஞானத்தாயாக நிற்பதை றோஸ்மலரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பதினோராம் திகதி ஞாயிறு, மாதமொருமுறை வரும் தமிழ்ப் பூசை. பூசை வைத்த அருட்பிரகாசம் சுவாமி அன்றைய சுவிசேஷத்தை வாசித்தார். ஓர் அரசன் மகனுக்குக் கலியாண விருந்து வைக்கிறான். அழைத்தவர்களைக் கூட்டிவர வேலைக்காரரை அனுப்புகிறான். அவர்கள் வரவில்லை. ஒருவன் வயலுக்குப் போய்விட்டான், ஒருவன் வியாபாரத்துக்குப் போய்விட்டான். பிரசங்கத்தில் சுவாமி இன்னொன்றையும் சேர்த்தார். இதே மாதிரிக் கதையை லூக்காஸ் தன் சுவிசேஷத்தில் சொல்லும்போது, ‘இப்பதான் கலியாணம் முடிச்சனான், வர ஏலாது’ என்று சொன்ன ஒருவனும் இருக்கிறானாம்.

றோஸ்மலர் பீற்றரின் விலாவில் முழங்கையால் இடித்தாள். வயல், வியாபாரம், கலியாணம். வரிசைகூட மாறவில்லை! சவிரிமுத்து, அல்போன்ஸ், தேவசகாயம் மூவரும் மூன்று வாங்கு வரிசைக்கு முன்னால் மிக நல்ல பிள்ளைகளாகக் கைகூப்பிக்கொண்டு இருந்தார்கள். சுவிசேஷகர் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கேயோ அறை எடுத்து இருந்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அரசன் கோபித்து, தெருவில் கண்டவர்களையெல்லாம் கூட்டிவந்து மண்டபத்தை நிரப்பிய இடம் வந்தபோது, அவளுக்கு அந்த அரசனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

அடுத்த நான்கு நாளும் அவள் கால் நிலத்தில் படவில்லை. காலைப் பூசைக்கு வரும் ஐரிஷ் கிழவிகள் மூவரிடம் போய்ச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கோவாக்காரக் குடும்பத்துக்குச் சொன்னாள். பிள்ளையை நிறுக்க வரும் நேர்ஸ் அம்மாவுக்குச் சொன்னாள். ஆண்டவரே வழி காட்டிவிட்டார், இனி வராதவர்களுக்குக் கதவு அடைப்பு. வெஸ்ட் ஈலிங்குக்கு வெள்ளிக்கிழமை போன் எடுத்து, செல்வமலரைக் கேட்டுவிடுவது என்றும் முடிவுகட்டினாள். கோபம் வந்தால் மனிதருக்கு எவ்வளவு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது, பாருங்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் மாடியில் குடியிருக்கும் கலாவதிக்குச் சொல்லப் போனாள். கலாவதி முருகன் கோவிலுக்குப் போகிறவள், இருபத்தேழு வயது, சுன்னாகத்துப் பெண். யேசுநாதர் சொன்ன கதை ஒன்றும் அவள் கேட்டதில்லை. றோஸ்மலர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, அரசனின் விருந்தை முதலிலிருந்து கடைசிவரை, கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லி முடித்தாள்.

கலாவதி சற்று யோசித்தாள். “றோசக்கா, அந்த ராசா தான் போய்ச் சொல்லேல்லையோ?”

“என்ன?”

“இல்லை, வேலைக்காரரைத்தானே விட்டவர். ராசா, ராசாத்தி ரெண்டு பேரும் நேரை போய்ச் சொல்லேல்லையெண்டால் பின்ன ஆர் வருவினம்? எங்கட ஊரிலை எண்டால் பக்கத்து வீட்டுக்காரனும் வரான்.”

“எடி, அது கடவுளைப் பற்றின கதை! கடவுளைப் பிழை சொல்லுறியோ?”

“ஐயோ, எனக்கு உங்கட கதை தெரியாதக்கா. ராசா எண்டுதானே சொன்னியள்,” என்று கலாவதி பயந்துபோனாள். “அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி எண்டுவினம். அதுதான் கேட்டனான்.”

றோஸ்மலர் தேத்தண்ணியைக் குடிக்காமலே கீழே வந்தாள். கலாவதி மீது கோபம் கோபமாக வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் அந்தக் கோபம் போகவில்லை. சட்டி கழுவும்போதுதான், அந்தக் கோபம் கலாவதியின் மேல் இல்லை என்பது மெல்ல உறைத்தது. பீற்றர் முத்தெழுத்தில் எழுதிய அந்த வரி கண்முன் வந்து நின்றது. ‘ஞானத்தாய்: திருமதி பியற்றிஸ் மரியநாயகம்.’ இந்த வரியை எழுதுமுன் பியற்றிஸ் அக்காவிடம் யார் கேட்டது? நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை! ஈரக் கையோடு அப்படியே நின்றாள். வெட்கத்தில் காது சுட்டது.

விடிந்தால் லண்டனே தலைகீழாகக் கிடந்தது. இரவு அடித்த புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்து, ரெயில் இல்லை, பஸ் இல்லை, அவர்கள் தெருவில் டெலிபோனும் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று நினைக்க இதைவிட நல்ல சாட்டு வேறு கிடைக்குமா? ஆனால் றோஸ்மலருக்கு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைத் துவாயில் சுற்றி, பிராமில் போட்டுத் தள்ளிக்கொண்டு றொம்ஃபேர்ட் றோட்டால் நடந்தாள். நடைபாதையில் இரண்டு இடத்தில் மரம் குறுக்கே கிடந்தது. ஓரிடத்தில் ஒரு சீக்கியப் பெரியவரும், இன்னோரிடத்தில் பால் வண்டிக்காரனும் பிராமைத் தூக்கி மற்றப் பக்கம் விட்டார்கள். முக்கால் மணித்தியாலம் நடந்து, பியற்றிஸ் வீட்டு மணியை அடித்தபோது, வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

கதவு திறந்தது. “வாங்கோ,” என்றார் பியற்றிஸ்.

மூன்று வருடமாக ‘வாடி’ என்று கூப்பிட்ட வாய். நம்மவர்களுக்குக் கோபத்தைக் காட்ட இரண்டு வழி. ஒன்று மரியாதையைக் குறைப்பது, மற்றது கூட்டுவது. முதலாவது இரண்டு நாளில் ஆறிவிடும். இரண்டாவதுக்கு இலேசில் மருந்து கிடையாது. றோஸ்மலர் தலையைக் குனிந்துகொண்டு பிராமை உள்ளே தள்ளினாள்.

“இருங்கோ. பிள்ளையும் வந்திருக்கிறா. சுகமாயிருக்கிறாவோ?” ஏழு கிழமைக் குழந்தைக்கும் அன்று மரியாதை கிடைத்தது. தேத்தண்ணி, வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் வந்தது. பிஸ்கட் தட்டில் அடுக்கி வந்தது. இதே வீட்டுக் குசினியில் றோஸ்மலர் தானே தேத்தண்ணி ஊற்றி, தானே பேணியைத் திறந்து பிஸ்கட் எடுத்துத் தின்றவள்.

அவள் கோப்பையைத் தொடவில்லை, எழுந்து நின்றாள். “அக்கா, இருபத்தஞ்சாந் திகதி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாயா நிக்கவேணும். கேக்க வந்தனான்.”

“அதுதான் தபால்காரன் சொல்லிப்போட்டானே.”

“பிழைதான் அக்கா.”

“காஸ் பில் எண்டு நினைச்சு உடைச்சனான். பாத்தால் என்ர பேர். போட்டோகொப்பியிலை. நான்தான் ஞானத்தாய் எண்டு எனக்குத் தெரிஞ்ச அண்டைக்கே அல்போன்சுக்கும் தெரியும், அவன் கடையிலை வைச்சு எனக்கு வாழ்த்துச் சொல்லுறான்.” பியற்றிஸ் யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நடந்து வரக்கூடிய தூரத்திலை இருக்கிறன்.”

“கேக்கவேணும் எண்டே நினைக்கேல்லை அக்கா. நீங்கள் இல்லாமல் வேற ஆர்? பெத்த அம்மாட்ட ஆரும் கேட்டுக்கொண்டு நிப்பினமோ?”

“அம்மாட்டத்தான் முதல் சொல்லவேணும்,” என்றார் பியற்றிஸ்.

சொல்லிவிட்டு எழுந்துபோய், கண்ணாடி அலுமாரியின் இழுப்பறையிலிருந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். கனடா முத்திரை. உள்ளே ஒரு போட்டோ, கோட் போட்ட மகனும் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்ணும். பின்னால் மூன்று வரி. அம்மா, எனக்குக் கலியாணம் முடிந்தது. அவசரத்தில் செய்தோம். போட்டோ அனுப்புகிறேன்.

“போன மார்கழி,” என்றார் பியற்றிஸ். “மருமோளைத் தபால்காரன்தான் கொண்டந்து தந்தவன். இப்ப ஞானப்பிள்ளையையும் அவன்தான் கொண்டந்து தந்தான்.”

பத்து மாதமாக இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பத்து மாதமும் றோஸ்மலர் தன் வாந்தியையும் கால்வீக்கத்தையும் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தாள், ஒருநாள்கூட ‘மோன் கடிதம் போட்டவரோ’ என்று கேட்கவில்லை. அதை நினைத்தபோது அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. தாய் அழுவதைக் கேட்டுப் பிள்ளையும் வீரிட்டது. பிள்ளையைத் தூக்கினாள், அப்படியே கொண்டுபோய்ப் பியற்றிஸ் மடியில் வைக்கப்போனவள், நின்றாள்.

“அக்கா, பிள்ளையை ஒருக்கா வைச்சிருக்கிறியளோ?”

பியற்றிஸ் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அவர் தோளில் மூக்கைத் தேய்த்து, இரண்டு விக்கலோடு அடங்கியது.

“மற்ற ஆக்களுக்கு ஆர் போய்ச் சொன்னது?” என்று கேட்டார் பியற்றிஸ்.

“அவையளுக்கும் தபால்தான் அக்கா.”

“நாப்பது வீட்டுக்குமோ?”

“ஓம்.”

“எடியே! உனக்கும் உன்ர மனுசனுக்கும் தலைக்குள்ள என்ன கிடக்கு, களிமண்ணோ? சவிரிமுத்து பொறுப்பானோ? அவன்ர மனிசி பொறுப்பாளோ? வருகையை அறியத்தரட்டாம்! கோட்டைப் போடு. எழும்பு!”

வசவு கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அன்று லண்டனில் வேறு ஒருத்தியும் இருந்திருக்கமாட்டாள்.

அன்று பின்னேரமும் அடுத்த ஒரு கிழமையும் அவர்கள் நடந்தார்கள். ஷிப்ட் இல்லாத நாளில் பீற்றரையும் இழுத்துக்கொண்டு போனார்கள், ஏனென்றால் மனைவி மட்டும் போய்ச் சொன்னால் அது அரைச் சொல் என்று பியற்றிஸ் தீர்த்துவிட்டார். லண்டனில் இது இலேசான காரியமில்லை. ஒரு வீட்டில் இரவு ஷிப்ட் முடிந்து தூங்குவார்கள், ஒரு வீட்டில் பகல் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். கவுன்சில் மாடிகளில் லிப்ட் வேலை செய்யாது. ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று தரம் போனார்கள். கதவு திறந்தவுடன் பீற்றர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேணும்,” என்பான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். “ஓ, நாங்கள் வாறதாத்தானே இருந்தனாங்கள்!” சவிரிமுத்து அண்ணை மட்டும் நேர்மையான மனிதர். “வீடு எங்கையும் ஓடாது தங்கச்சி. திங்களும் பாக்கலாம்,” என்றார்.

பேர் கொடுக்கக் கோவிலுக்குப் போன அன்று, றோஸ்மலர் அருட்பிரகாசம் சுவாமியிடம் கலாவதியின் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சுவாமி, அந்த ராசா ஏன் தான் போகாமல் வேலைக்காரரை விட்டவர்? எங்கட மேல்வீட்டுச் சைவப் பிள்ளை கேக்குது.”

சுவாமி சிரிப்பார், அல்லது ஏசுவார் என்று நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு, நெற்றியைத் தடவினார்.

“முப்பது வருசமா இந்தக் கதையை வாசிக்கிறன். ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை,” என்றார். “ஆண்டவர் ஆளனுப்பித்தான் பாத்தவர். தீர்க்கதரிசிமார் எத்தனை பேர்! ஒருத்தரும் கேக்கேல்லையே. கடைசியிலை என்ன செய்தவர்? தானே வந்தவர். வந்து வீடு வீடாப் போய், வரி தண்டுறவன்ர வீட்டிலையும் இருந்து சாப்பிட்டு, வாங்கோ எண்டு கேட்டவர்.” பிறகு அவளைப் பார்த்தார். “அந்தப் பிள்ளைக்குச் சொல்லு, அடுத்த முறை இந்தக் கதைக்கு நான் அவவின்ர பிரசங்கத்தைத்தான் வைக்கப்போறன் எண்டு.”

இருபத்தைந்தாம் திகதி, நாற்பது வீட்டில் முப்பத்தொரு வீட்டார் வந்தார்கள். அல்போன்ஸ் கடையை மூன்று மணித்தியாலம் பூட்டிவிட்டு, பூட்டியதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நின்றான். தேவசகாயம் வரவில்லை, அவன் பாடு அது. கோபத்தில் அழைத்த ஐரிஷ் கிழவிகளும் கோவாக் குடும்பமும் நேர்ஸ் அம்மாவும் தவறாமல் வந்தார்கள், அவர்களுக்கு நேரில் அல்லவா சொல்லியிருந்தது! பட்டுச்சேலை கட்டி, நெற்றியில் திருநீறோடு வந்த கலாவதி, கடைசி வாங்கில் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

ஞானஸ்நானத் தொட்டியடியில் பியற்றிஸ் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஞானத்தகப்பனாக நின்றது பீற்றரோடு வேலை செய்யும் நண்பர். சுவாமி புத்தகத்தைத் திறந்து பெற்றோரைக் கேட்கவேண்டியதைக் கேட்டார். பிறகு, சடங்கில் எப்போதும் இருக்கிற, எல்லோரும் ஆயிரம் தரம் காதால் கேட்டும் மனதால் கேட்காத அந்தக் கேள்விக்கு வந்தார். இந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்குத் துணையாக நிற்க நீங்கள் ஆயத்தமா?

நண்பர் புத்தகத்தில் உள்ளபடி முணுமுணுத்தார். பியற்றிஸ் ஒன்றும் சொல்லவில்லை. சுவாமி நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பியற்றிஸ் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் துடைக்க வழியில்லாமல் நின்றார்.

“திருப்பி ஒருக்காக் கேளுங்கோ சுவாமி,” என்றார்.

சுவாமி புத்தகத்தை மூடினார். இரண்டு அடி நடந்து பியற்றிஸ் முன்னால் வந்து நின்று, பேர் சொல்லிக் கேட்டார். “பியற்றிஸ், இந்தப் பிள்ளைக்கு நீங்கள் தாயா நிப்பியளோ?”

“ஓம்,” என்றார் பியற்றிஸ். கடைசி வாங்கில் இருந்த கலாவதிக்கும் கேட்டது.